ஊசி முனையில் அறுபது டிகிரி

தெர்மாமீட்டர் 104 பாரன்ஹீட் காட்டினால் வீடே பதறிப்போகும். செல்சியஸ் கணக்கில் அது 40 டிகிரி. இயல்பான உடல் வெப்பத்தைவிட மூன்றே டிகிரி கூடுதல். அந்த மூன்று டிகிரிக்கே ஈரத்துணி, மாத்திரை, ஆஸ்பத்திரி ஓட்டம் என்று எல்லோரும் அலைபாய்வார்கள். ஆனால் கல்லீரல் புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் அறையில், நோயாளியின் கல்லீரலுக்குள் ஓர் ஊசியைச் செலுத்தி, அதன் முனையைச் சுற்றி 60 டிகிரி, 80 டிகிரி, சில இடங்களில் 100 டிகிரி வரைகூட வேண்டுமென்றே சூடேற்றுகிறார்கள். பெரும்பாலான நோயாளிகள் ஓரிரு நாளில் வீடு திரும்பிவிடுகிறார்கள்.

உடல் முழுவதும் மூன்று டிகிரி ஏறினால் ஆபத்து. மூன்று சென்டிமீட்டர் அகல இடத்தில் மட்டும் முப்பது, நாற்பது டிகிரி ஏறினால் அது சிகிச்சை. சூட்டை உண்டாக்கும் வழி நூறாண்டுகளுக்கு முன்பே மனிதருக்குக் கைவந்துவிட்டது. எந்த இடத்தில், எவ்வளவு, எத்தனை நொடி என்று அதைக் கட்டுக்குள் வைக்கக் கற்றுக்கொள்ளத்தான் இவ்வளவு காலம் பிடித்தது. இன்னும் அந்தப் படிப்பு முடிந்தபாடில்லை.

செல்கள் இறப்பதற்கு வெப்பம் எவ்வளவு என்பதோடு, அது எவ்வளவு நேரம் நீடித்தது என்பதும் முக்கியம். 43 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் உண்டாகும் சேதம் 44 டிகிரியில் அரை மணியிலும், 45 டிகிரியில் கால் மணியிலும் உண்டாகிவிடும். ஒவ்வொரு டிகிரிக்கும் நேரம் பாதியாகிக்கொண்டே போகும். ஸ்டீபன் சப்பரெட்டோ, வில்லியம் டூயி ஆகிய இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1984-ல் முன்வைத்த இந்தக் கணக்கைத்தான் இன்றும் இத்துறையினர் அளவுகோலாகக் கொள்கிறார்கள். 60 டிகிரியைத் தாண்டினால் இந்தக் கணக்குக்கே வேலையில்லை. புரதங்கள் சில நொடிகளில் உறைந்து, செல் இருந்த இடத்திலேயே இறந்துவிடும். 100 டிகிரியில் திசுவில் உள்ள நீர் கொதித்து ஆவியாகும். அதற்கும் மேலே போனால் கருகும். சிகிச்சையில் வேண்டியது உறைதல் மட்டுமே. கொதிப்பதும் கருகுவதும் பெரும்பாலும் காரியத்தைக் கெடுத்துவிடும்.

மின்சாரத்தைக் கொண்டு உடலுக்குள் சூடு உண்டாக்க முதலில் ஒரு தடையைத் தாண்ட வேண்டியிருந்தது. வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று அலைகிறது. அது உடலில் பாய்ந்தால் தசைகள் இறுகிக்கொள்ளும், இதயம் தாறுமாறாகத் துடிக்கும். நொடிக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் அலையும் மின்சாரம் தசைகளை அப்படி வெட்டி இழுக்காமலே உடலுக்குள் பாய்கிறது என்பதை 1891-ல் கண்டு சொன்னவர் பிரெஞ்சு உடலியலாளர் ஆர்சென் தார்சோன்வால். அவ்வளவு விரைவான அலைவுக்கு நரம்புகளால் ஈடுகொடுக்க முடிவதில்லை. ஆனால் திசு நீரில் மிதக்கும் சோடியம், குளோரைடு போன்ற அயனிகள் அந்த வேகத்தில் முன்னும் பின்னும் இழுபடுகின்றன. அந்த இழுபறியின் உராய்வு வெப்பமாக மாறுகிறது. அதாவது ஊசி பழுத்துச் சிவந்து சுடுவதில்லை. திசு தானாகவே தனக்குள் சூடாகிறது.

இந்த அறிவை அறுவை அரங்குக்குள் கொண்டுவந்தவர் வில்லியம் போவி. அவர் மருத்துவர் அல்லர். தாவரவியல் படித்துவிட்டு உயிர் இயற்பியலுக்கு வந்தவர். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் அப்போது பணியாற்றிய ஹார்வி குஷிங், மூளை அறுவைக் கலையை வளர்த்தெடுத்த முன்னோடிகளில் ஒருவர். ஒரு நோயாளியின் தலையில் ரத்தநாளங்கள் நிறைந்த கட்டி ஒன்றை அகற்ற முயன்று, ரத்தப்பெருக்கை அடக்க முடியாமல் பாதியிலேயே நிறுத்தியிருந்தார். சில நாட்கள் கழித்து, 1926 அக்டோபர் 1 அன்று, போவி தன் கருவியோடு அரங்குக்கு வந்தார். விட்டுவைத்த கட்டி அன்று வெளியே வந்தது. முன்பு தொடவே முடியாதென்று கைவிட்ட கட்டிகளைக் குஷிங் அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக மீண்டும் எடுத்துப் பார்க்கத் தொடங்கினார். நம் ஊர் அறுவை அரங்குகளில் 'காட்டரி' என்று எல்லோரும் சொல்லும் கருவி அந்த வம்சத்தில் வந்ததுதான்.

காட்டரியின் சூட்சுமம் மிக எளிமையானது, அதே நேரம் மிக அழகானது. மருத்துவர் கையில் கூர்முனை. நோயாளியின் தொடையில் ஒட்டியிருப்பது அகலமான ஒரு தகடு. இரண்டின் வழியாகவும் பாய்வது ஒரே மின்னோட்டம்தான். கூர்முனையில் அது நெருக்கியடித்துப் பாய்வதால் அங்கே திசு வெந்து, ரத்தநாளம் அடைபடுகிறது. தகட்டில் அதே மின்னோட்டம் பரந்து வெளியேறுவதால் தோல் வெதுவெதுப்பாகக்கூட ஆவதில்லை. தகடு பாதி பிய்ந்து தொங்கினால் மின்னோட்டம் மீதிப் பாதியில் நெருங்கி, அங்கே தோல் வெந்துவிடும். அறுவைக்கு முன்னால் செவிலியர் அந்தத் தகட்டைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்ப்பது இதற்காகத்தான். நெருங்கினால் சுடும், பரந்தால் சுடாது என்ற இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவதெல்லாம் புரியும்.

அறுவை அரங்கில் திறந்த வயிற்றுக்குள் பயன்பட்ட இந்தச் சூடு, தோலில் ஒரு சிறு துளை வழியே கல்லீரலுக்குள் போனது 1990-ல். இத்தாலியிலும் அமெரிக்காவிலும் இரு குழுவினர் தனித்தனியே ஏறத்தாழ ஒரே சமயத்தில் இந்த வழியை வெளியிட்டனர். நொடிக்குச் சுமார் 5 லட்சம் சுற்று அலையும் மின்சாரம், முனை தவிர மற்ற இடமெல்லாம் காப்பிட்ட ஊசி, வழிகாட்ட ஸ்கேன் திரை. இவ்வளவுதான் கருவி.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் கட்டியை விரைவில் வேகவைத்துவிடலாம் என்று மின்சாரத்தைக் கூட்டினால் ஊசியை ஒட்டிய திசு கருகி உலர்ந்துவிடும். உலர்ந்த திசு மின்சாரத்தைக் கடத்தாது. உள்ளே கருகல், வெளியே உயிரோடு புற்று, நடுவில் பாயாத மின்சாரம். இதற்குக் கண்டுபிடித்த தீர்வு வியப்பானது: ஊசிக்குள்ளேயே குளிர்ந்த நீரை ஓடவிட்டார்கள். முனையை ஒட்டிய திசு கருகாமல் ஈரமாக இருப்பதால் மின்சாரம் தடையின்றிப் பாய்ந்து, வெப்பம் இன்னும் தொலைவுக்குப் பரவியது. சூடு விரிவாகப் பரவ வேண்டும் என்பதற்காக ஊசியைக் குளிரவைத்தார்கள்.

இன்னொரு தடை ரத்தம். நம் உடலின் சுமார் 5 லிட்டர் ரத்தமும் ஓய்வில் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் ஒரு சுற்று சுற்றிவந்துவிடுகிறது. 37 டிகிரியில் ஓடும் இந்த ஆறு, எங்கே சூடு தென்பட்டாலும் அதை அள்ளிக்கொண்டு போய்விடும். ஹாரி பென்னஸ் என்ற அமெரிக்க மருத்துவர் மனிதர்களின் முன்னங்கையில் வெப்பத்தை அளந்து, ரத்தம் அள்ளிச் செல்லும் வெப்பத்துக்கு 1948-ல் ஒரு சமன்பாடு எழுதினார். இன்றைய கணினிக் கணிப்புகளும் அதை அடியாகக் கொண்டே நடக்கின்றன. கல்லீரலில் 3 மில்லிமீட்டருக்கு மேல் அகலமுள்ள ரத்தநாளம் ஒன்று கட்டியை ஒட்டி ஓடினால், அந்தப் பக்கத்துச் செல்கள் வேகாமல் தப்பிவிடக்கூடும். மாதங்கள் கழித்துப் புற்று மீண்டும் தலைதூக்குவது பெரும்பாலும் அந்த ஓரத்திலிருந்துதான். இந்தச் சிகிச்சைக்கு 3 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டிகளே தோதானவை என்று மருத்துவர்கள் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் இது. நுண்ணலை ஊசிகள் பிறகு வந்து இந்த எல்லையைக் கொஞ்சம் தள்ளிவைத்தன. சமையலறை மைக்ரோவேவ் அடுப்பின் அதே 2.45 கிகாஹெர்ட்ஸ் அலைகள் நீர் மூலக்கூறுகளை நேரடியாக உலுக்குவதால், திசு கருகினாலும் சூடேறுவது நிற்பதில்லை.

ரத்தம் பகையாக இல்லாத இடமும் உண்டு. ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்பது எலும்புக்குள் வரும் மிகச் சிறிய, புற்றல்லாத கட்டி. சிறுவர்களையும் இளைஞர்களையும் இரவில் தூங்கவிடாமல் வலியால் வாட்டும். முன்பு எலும்பை வெட்டி எடுத்து, மாதக்கணக்கில் நடமாட்டத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள். பாஸ்டனில் டேனியல் ரோசென்தால் குழுவினர் 1992-ல், சி.டி. ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசியைச் செலுத்தி 90 டிகிரியில் சில நிமிடங்கள் சூடேற்றும் முறையை வெளியிட்டனர். சுற்றியிருக்கும் எலும்பே வெப்பத்தை வெளியே விடாமல் அடைகாத்துத் தருகிறது. பல பிள்ளைகள் சிகிச்சைக்குப் பிறகு சில நாட்களிலேயே நிம்மதியாகத் தூங்குகிறார்கள். வெப்ப சிகிச்சை செய்த உதவிகளில் எதை முதலில் சொல்வாய் என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

இதயத்தில் கதை வேறு. பிறவியிலேயே இதயத்தின் மேலறைக்கும் கீழறைக்கும் இடையே கூடுதலாக ஒரு மின்பாதை அமைந்துவிட்டவர்களுக்கு, திடீரென்று நெஞ்சு நிமிடத்துக்கு இருநூறு முறை வரை அடித்துக்கொள்ளும். 1982-ல் சான் பிரான்சிஸ்கோவில் மெல்வின் ஷைன்மன் வடிகுழாய் வழியே நேர் மின்னதிர்ச்சி கொடுத்து இதயத்தின் மின்பாதையைத் துண்டித்துக் காட்டினார். அது கிட்டத்தட்ட ஒரு வெடிப்பு. சேதம் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. பத்தாண்டுக்குள் அந்த இடத்தை ரேடியோ அலைச்சூடு பிடித்துக்கொண்டது. தொடையிடுக்கு வழியே நுழையும் வடிகுழாயின் முனை, இதயத் தசையை 50 டிகிரிக்கு மேல் சூடேற்றிச் சில மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு தழும்பை உண்டாக்குகிறது. தழும்பு மின்சாரத்தைக் கடத்தாது; கோளாறான பாதை அத்தோடு அடைபடுகிறது. இயல்பான மின்பாதை அங்கிருந்து சில மில்லிமீட்டர் தூரத்திலேயே இருக்கலாம். அதில் சூடு பட்டால் நோயாளிக்கு வாழ்நாள் முழுக்க பேஸ்மேக்கர் தேவைப்படும். தசைக்குள் 100 டிகிரி எட்டினால் நீராவி சிறு வெடிப்பாக வெளியேறி இதயச் சுவரையே கிழிக்கக்கூடும். ஆகவே இங்கேயும் முனையில் உப்புநீரைக் கசியவிட்டுக் குளிரவைக்கிறார்கள்.

கால்களில் சுருண்டு புடைக்கும் வெரிகோஸ் சிரைகளுக்கும் இன்று இதே சூடுதான். 7 சென்டிமீட்டர் நீளச் சூடேற்றியைச் சிரைக்குள் வைத்து, 120 டிகிரியில் 20 நொடி வைத்து, அடுத்த பகுதிக்கு இழுப்பார்கள். சுற்றிலும் மரப்பு மருந்து கலந்த நீரை ஊசியால் நிரப்பிவிடுவதால் தோலும் நரம்பும் தப்பிக்கின்றன.

ஊசியே இல்லாமல், தோலில் கீறலே விழாமல் உடலின் ஆழத்தில் சூடு உண்டாக்க முடியுமா? பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துத் தாளைப் பற்றவைக்கும் சிறுவனின் வேலையை அல்ட்ராசவுண்ட் அலைகளைக் கொண்டு செய்யலாம் என்ற எண்ணம் 1940-களிலேயே சோதிக்கப்பட்டது. 1950-களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஃபிரை, ஃபிராங்க் ஃபிரை சகோதரர்கள் மூளைக்குள் அதைச் செய்து பார்த்தார்கள். ஆனால் மண்டையோடு அலைகளைச் சிதறடித்தது, பாதியைத் தானே உறிஞ்சிச் சூடானது. எனவே முதலில் மண்டையோட்டின் ஒரு பகுதியைத் திறக்க வேண்டியிருந்தது. திறந்த பிறகு கீறலில்லாத சிகிச்சை என்ற பெருமைக்கு இடமேது?

அந்தச் சுவரைத் தாண்ட அரை நூற்றாண்டு ஆனது. இன்றைய கருவி 1,024 அலைமுனைகள் பதித்த தலைக்கவசம். நோயாளியின் மண்டையோட்டை முன்கூட்டியே சி.டி. எடுத்து, எந்த இடத்தில் எலும்பு எவ்வளவு தடிமன் என்று பார்த்து, ஒவ்வொரு முனையின் அலையையும் நொடியின் நுண்ணிய பகுதி அளவு முன்பின்னாக்கி, எல்லாம் ஒரே புள்ளியில் ஒன்றுசேர வைக்கிறார்கள். கவசத்துக்கும் தலைக்கும் இடையே குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டே இருக்கும்.

கருவியைவிட வியப்பானது அதன் வெப்பமானி. மூளைக்குள் யாரும் தெர்மாமீட்டரை நுழைப்பதில்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேன், நீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் எந்த அதிர்வெண்ணில் ஒத்ததிர்கின்றன என்பதைக் கேட்டுப் படம் வரைகிறது. நீர் ஒரு டிகிரி சூடானால் அந்த அதிர்வெண் பத்துக் கோடியில் ஒரு பங்கு குறைகிறது. அவ்வளவு சிறிய மாற்றத்தையும் ஸ்கேன் பிடித்துவிடுகிறது. சில நொடிகளுக்கு ஒருமுறை மூளையின் வெப்ப வரைபடம் திரையில் புதுப்பிக்கப்படுகிறது.

கைநடுக்க நோயாளிகளுக்கு இது பெரிய வரம். டம்ளரைத் தூக்கிக் குடிக்க முடியாத, கையெழுத்துப் போட முடியாத அளவுக்கு நடுங்கும் கைகள் அவை. விழித்திருக்கும் நோயாளியின் தலாமஸ் பகுதியில் ஒரு புள்ளியை முதலில் லேசாகச் சூடேற்றி, சூடு சரியான இடத்தில்தான் விழுகிறதா என்று பார்க்கிறார்கள். அடுத்து 50 டிகிரிக்குச் சற்றுக் கீழே கொண்டுபோனால் அந்தப் புள்ளி தற்காலிகமாக உறங்கிப்போகும். நோயாளியைச் சுருள் கோடு ஒன்று வரையச் சொல்வார்கள். நடுக்கம் குறைந்து, பேச்சும் உணர்வும் சரியாக இருந்தால் மட்டுமே 55 முதல் 60 டிகிரி வரை ஏற்றி நிரந்தரமாக்குவார்கள். தவறான இடமென்றால் அந்த நிலையிலேயே பின்வாங்கலாம். செயலிழந்த செல்கள் மீண்டுவிடும். 2016-ல் வெளியான 76 பேர் கொண்ட ஆய்வில், மூன்று மாதத்தில் கைநடுக்க அளவு சராசரியாக 47 சதவீதம் குறைந்தது. பொய்ச் சிகிச்சை பெற்ற குழுவில் மாற்றமே இல்லை. அதே ஆண்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் அனுமதி அளித்தது. ஓராண்டுக்குப் பின்னும் 14 சதவீதத்தினருக்கு மரத்துப்போகும் உணர்வும் 9 சதவீதத்தினருக்கு நடையில் தடுமாற்றமும் எஞ்சியிருந்தன என்பதையும் அதே ஆய்வு மறைக்காமல் சொல்கிறது.

நானோ துகள்களைப் பற்றி இதழ்களில் வரும் ஆரவாரத்தை நம்பலாமா என்று வாசகர்கள் அடிக்கடி கேட்பதுண்டு. இரும்பு ஆக்சைடு துகள்களை உடலுக்குள் வைத்து, வெளியிலிருந்து மாறும் காந்தப்புலத்தால் சூடேற்றும் யோசனை 1957-ல் அமெரிக்காவில் கில்கிறிஸ்ட் குழுவினர் சொன்னது. பெர்லினில் ஆண்ட்ரியாஸ் ஜோர்டான் அதைப் பல ஆண்டு உழைப்பில் மூளைப் புற்றுக்கான சிகிச்சையாக்கினார். ஐரோப்பிய அனுமதியும் கிடைத்தது. ஆனால் துகள்களைக் கட்டிக்குள் நேரடியாக ஊசியால் செலுத்த வேண்டியிருந்தது. அவை அங்கேயே தங்கிவிடுவதால் பிறகு எம்.ஆர்.ஐ. படம் தெளிவாக எடுக்க முடியாமல் போனது. டெக்சாஸ் ரைஸ் பல்கலைக்கழகத்தில் நவோமி ஹாலஸ், ஜெனிஃபர் வெஸ்ட் இருவரும் வளர்த்தெடுத்த தங்க நானோ ஓடுகள் வேறு வழியில் வேலை செய்கின்றன. திசுவுக்குள் ஓரளவு ஊடுருவும் அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சி அவை சூடாகின்றன. புராஸ்டேட் புற்றுநோயாளிகள் 16 பேரிடம் நடந்த முதற்கட்ட ஆய்வு 2019-ல் நம்பிக்கை தரும் விதமாக வெளியானது. நல்ல தொடக்கம்தான். ஆயினும் எலியில் கிடைத்த வெற்றி மனிதரில் கிடைப்பதற்கு இடையே ரத்த ஓட்டமும் ஈரலும் ஒளி எட்டும் தூரமும் குறுக்கே நிற்கின்றன. இன்றைக்கு வழக்கமான சிகிச்சைகளின் வரிசையில் இவற்றுக்கு இடமில்லை என்பதே நேர்மையான பதில்.

அதிகம் பேசப்படாத மிதமான சூட்டுக்கு இதைவிட உறுதியான சான்று இருக்கிறது. 41 முதல் 43 டிகிரி வரையிலான வெப்பம் செல்களைக் கொல்வதைவிட, கதிர்வீச்சால் அடிபட்ட செல்கள் தம்மைப் பழுதுபார்த்துக்கொள்வதைத் தடுக்கிறது. நெதர்லாந்தில் நடந்து 2000-ல் வெளியான ஆய்வில், முற்றிய கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு மட்டும் பெற்ற பெண்களில் மூன்றாண்டு உயிரோடிருந்தவர்கள் 27 சதவீதம். வெப்பமும் சேர்த்துப் பெற்றவர்களில் 51 சதவீதம். பிறகு கதிர்வீச்சோடு கீமோ மருந்து சேர்ப்பது வழக்கமாகிவிட்டதாலும், இடுப்புக்குள் வெப்பத்தை ஒரே சீராகப் பரப்பி அளப்பது கடினம் என்பதாலும், இந்த முறை சில மையங்களோடு நின்றுபோனது. கருப்பைவாய்ப் புற்று இன்னும் ஏராளமான பெண்களை வாரிக்கொண்டு போகும் நம் நாட்டில் இது மேலும் ஆராயப்பட வேண்டியது.

சூட்டைச் சிகிச்சையாக அல்லாமல் எரிபொருளாக உடலுக்குள் வைத்த காலமும் உண்டு. 1970-ல் பாரிஸில் ஒரு நோயாளிக்குப் புளூட்டோனியம்-238 வைத்த பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டது. அந்தத் தனிமம் சிதையும்போது வரும் வெப்பத்தை வெப்ப மின்னிரட்டை மின்சாரமாக்கியது. அதன் அரை ஆயுள் சுமார் 88 ஆண்டுகள். ஆகவே நோயாளிக்கு இன்னொரு பேட்டரியே தேவைப்படாது. ஆனால் அவர் இறந்ததும் கருவியை எடுத்துத் திருப்பித் தர வேண்டும், உடலோடு எரிக்கக் கூடாது. லித்தியம் பேட்டரி வந்ததும் இந்த வகை வழக்கொழிந்தது.

இன்றைய பொருத்துகருவிகளுக்கு இதற்கு நேரெதிரான கட்டளை: சூடாகாதே. சிகிச்சைக்காகச் சூடு தராத எந்தக் கருவியின் வெளிப்பரப்பும் பொதுவாக உடல் வெப்பத்தைவிட 2 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது என்கிறது சர்வதேசத் தரவிதி. கம்பியில்லாமல் சார்ஜ் செய்யும் கருவிகள் மெதுவாகவே சார்ஜ் ஆவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கருவி தானாகச் சூடாகாவிட்டாலும், வெளியிலிருந்து வரும் அலை அதைச் சூடாக்கிவிடலாம். மூட்டுவலி, முதுகுவலிக்குப் பிசியோதெரபி மையங்களில் வைக்கும் ஷார்ட்வேவ் டயாதெர்மி 27.12 மெகாஹெர்ட்ஸ் அலைகளால் தசையை ஆழத்தில் வெதுவெதுப்பாக்குகிறது. பலருக்கும் இதம் தரும் சிகிச்சை அது. ஆனால் பார்க்கின்சன் போன்ற நோய்களுக்காக மூளையில் மின்முனை பொருத்திக்கொண்டவர் அதில் படுத்தால், நெஞ்சில் பொருத்திய கருவியிலிருந்து மூளை வரை ஓடும் கம்பி ஆன்டெனாவாக மாறி அலையைப் பிடித்துக்கொள்ளும். பிடித்த மின்சாரம் அத்தனையும் மூளைக்குள் இருக்கும் மில்லிமீட்டர் முனையில் நெருங்கிப் பாயும். போவியின் கூர்முனை ரத்தநாளத்தை அடைத்த அதே விதி இங்கே மூளையை வேகவைக்கிறது. அமெரிக்காவில் இவ்வாறு இரு நோயாளிகள் இறந்ததை அடுத்து, 2002 டிசம்பரில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரிக்கை வெளியிட்டது. கருவி அணைந்திருந்தாலும், கருவியை எடுத்துவிட்டுக் கம்பியை மட்டும் உள்ளே விட்டிருந்தாலும் ஆபத்து இருக்கிறது என்றும் அதில் குறிப்பிட்டிருந்தது.

உங்கள் வீட்டில் பேஸ்மேக்கரோ, மூளையிலோ முதுகுத்தண்டிலோ மின்முனையோ, காதில் காக்ளியர் கருவியோ வைத்துக்கொண்டவர் யாராவது இருக்கிறார்களா? அந்தக் கருவிக்கு மருத்துவமனையில் தந்த அட்டையை அவர்கள் பணப்பையில் எப்போதும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகும் முன்பும், காட்டரி பயன்படுத்தும் எந்த அறுவைக்கு முன்பும், வலிக்கு 'ஹீட்' வைக்கப் படுக்கும் முன்பும் அந்த அட்டையைக் காட்டுங்கள். பழைய கம்பி ஏதாவது உள்ளே மிச்சமிருந்தால் அதையும் சொல்லுங்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களாகவே முந்திக்கொண்டு சொல்லுங்கள்.